வீட்டுக்கென்று எழுதிய கதை: ‘ரஹாசியா’ குறித்து ஒரு நோக்கு

அச்சுக்காக எழுதப்படுவதே இலக்கியம் என்னும் எண்ணம் திறனாய்வாளர் பலரது நெஞ்சில் வேரூன்றிவிட்டது. தாலாட்டும் விடுகதையும் பாட்டி சொன்ன கதையும் அச்சகத்தை எதிர்பார்த்துப் பிறந்தவையல்ல என்பதை அவர்களும் ஒப்புக்கொள்வர். எனினும், அவற்றை நாட்டார் வழக்கு என்னும் தனிப் பெட்டியில் இட்டுப் பூட்டிவிட்டு, எழுத்து என்றால் அது முகமறியா வாசகனுக்காகவே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடுவர். அவ்வாறாயின், ஒரு கணவனும் மனைவியும் தம் வீட்டில் நிகழ்த்துவதற்கென்றே எழுதிய கதையை, ஒரு தந்தை தம் பிள்ளைகளுக்கென்று இரவில் வரைந்து வைத்த கற்பனை நிலவறையை எந்தக் கணக்கில் சேர்ப்பது? 1970களில் அமெரிக்காவில் எழுந்த ஒரு புதுவகை ஆட்டம் இவ்வினாவை எழுப்பிற்று. இன்றுவரை அதற்கு ஒழுங்கான விடை கிடைத்தபாடில்லை.

‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் அவ்வாட்டம் 1974ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்தது. ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ தம்மைப் பாவித்துக்கொள்வர். ஒருவர் மட்டும் ஆட்ட நடத்துநராக இருந்து, அவர்கள் முன் விரியும் உலகைச் சொற்களால் கட்டியெழுப்புவார். “கதவு மூடியிருக்கிறது, என்ன செய்கிறீர்கள்?” என்று அவர் கேட்க, ஆடுவோர் தம் செயலைச் சொல்ல, ஐயத்துக்கு இடமான போதெல்லாம் பகடை முடிவு சொல்லும். கதைசொல்லலும் நாடகமும் சூதும் கலந்த கலவை அது. நடத்துநர் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளும் வரைபடமும் பாத்திரக் குறிப்புகளும் நிகழ்ச்சி அமைப்புமே அவ்வாட்டத்தின் ‘நூல்’. அந்நூல் படிப்பதற்கன்று, நிகழ்த்துவதற்கு. நாடகப் பிரதிக்கும் அதற்கும் உறவு உண்டு. ஆனால் நாடகத்தில் கதைத்தலைவன் என்ன பேசுவான் என்பதை ஆசிரியர் அறிவார், இங்கே அறியமாட்டார்.

இதன் பிறப்பே ஒரு வீட்டில்தான். விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ், 1970இல் காப்புறுதி நிறுவன வேலையை இழந்து, காலணி செப்பனிட்டுப் பிழைத்து வந்தவர். மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னசன் தாம் உருவாக்கிய ‘பிளாக்மூர்’ ஆட்டத்தை 1972இல் அவருக்கு ஆடிக் காட்டினார். அதனால் தூண்டப்பட்ட கைகாக்ஸ், தாமே ஒரு கோட்டையையும் அதன் அடியில் நிலவறையையும் வரைந்தார். அதில் முதன்முதலாக இறங்கியவர் அவருடைய மகன் எர்னியும் மகள் எலீசும் ஆவர். அப்பிள்ளைகள் அன்றிரவு கண்டெடுத்த முதற் புதையல் ஒரு பெட்டி நிறையச் செப்புக் காசுகள். மூவாயிரம் காசுகள் இருந்தன. தூக்கிச் செல்ல இயலாத பாரம்! பிள்ளைகள் ஏமாற்றத்துடன் உறங்கச் சென்றதும் தந்தை அமர்ந்து நிலவறையின் இரண்டாம் தளத்தை வரையத் தொடங்கிவிட்டார் என்பது ஆட்ட வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி.

அச்செய்தியில் அழகு உண்டு. அதைவிட முக்கியமாக ஓர் இலக்கிய உண்மையும் உண்டு. மறுநாள் தம் எதிரே யார் அமரப் போகிறார்கள் என்பதை அறிந்த எழுத்தாளர் அவர். எந்த இடத்தில் மகன் துள்ளுவான், எந்த இடத்தில் மகள் சினங்கொள்வாள் என்று தெரிந்தே அடுத்த அறையை வரைகிறார். முகமறியா வாசகனுக்காக எழுதுவோர்க்கு வாய்க்காத பேறு இது.

ஆனால் வீட்டின் முத்திரை விழுந்த அனைத்தும் இலக்கியமாகிவிடாது. கைகாக்ஸின் வீட்டிலிருந்து ஆட்டநூல்களுக்குள் புகுந்த பெயர்களைப் பார்த்தாலே இது விளங்கும். ‘டென்சர்’ என்னும் மந்திரவாதி வேறு யாருமல்லன். எர்னெஸ்ட் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றிப் பெற்ற உருவம். இன்னொரு மகனான லூக்கின் பாத்திரம் ‘மெல்ஃப்’. பாத்திரத் தாளில் ஆண் என்பதைக் குறிக்கும் ஆங்கில எழுத்தையும் எல்ஃப் என்ற இனப் பெயரையும் ஒன்றாக வாசித்ததால் வந்த பெயர் அது. அவர் படைத்த கிரேஹாக் உலகின் ‘சுண்டி’ என்னும் நாடு, மகள் சிண்டியின் பெயரைத் திரித்தது. டென்சரின் மிதக்கும் தட்டும் மெல்ஃபின் அமில அம்பும் இன்றைக்கும் உலகெங்கும் ஆடுவோர் வாயில் வழங்குகின்றன. குடும்பத்தார்க்கு இவை இனியவை. வெளியாருக்கோ வெறும் ஒலிகள். பெயரின் பின்னணியை அறிந்தவன் புன்னகைப்பான். அறியாதவன் எதையும் இழக்கவில்லை, பெறவுமில்லை. வீட்டு நகைச்சுவை வீட்டோடு நின்றுவிடுகிறது.

இவ்வகை முயற்சி ஆங்கில இலக்கியத்துக்குப் புதிதன்று. 1826இல் தந்தை வாங்கி வந்த பன்னிரண்டு மரப்பொம்மை வீரர்களைக் கொண்டு பிரான்டே வீட்டுப் பிள்ளைகள் நால்வரும் ‘கண்ணாடி நகரம்’ என்னும் உலகையே சமைத்தனர். அவ்வுலகில் பிள்ளைகள் நால்வரும் பூதங்களாகத் தாமே இடம்பெற்றனர். இறந்த வீரனை உயிர்ப்பிக்கும் ஆற்றல் அப்பூதங்களுக்கு இருந்தது. தங்கையின் வீரனைத் தமையன் கொன்றுவிட்டால் வீட்டில் அமைதி ஏது? கதைச் சட்டம் குடும்ப அன்புக்கு வளைந்து கொடுத்தது. இதுவே வீட்டுக் கதையின் வலிமை, நொய்மையும் இதுவே. யாரும் சாகாத உலகில் துயரம் பிறப்பதெங்ஙனம்? பிற்காலத்தில் சார்லட்டும் எமிலியும் எழுதிய நாவல்களில் மரணம் மீளாதது.

இவ்விடத்தில்தான் டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் இணையரின் ‘ரஹாசியா’ கருதத்தக்கதாகிறது. 1977இல் மணம் புரிந்த இவர்களுள், இவ்வாட்டத்தைக் கணவருக்கு அறிமுகப்படுத்தியவர் லாரா. அக்காலத்து ஆட்டநூல்கள் பெரும்பாலும் அறைகளின் பட்டியல்களே. ஓர் அறையில் ஒரு கொடிய விலங்கு, அடுத்த அறையில் வேறொன்று. கொன்று, கொள்ளையிட்டு, மேலே நடக்க வேண்டியதுதான். இவ்விணையர்க்கு அது போதவில்லை. தாமே எழுதித் தாமே சிறு அளவில் அச்சிட்ட நூல்களில் தம் எழுத்துக்கு நான்கு நிபந்தனைகளை விதித்துக்கொண்டனர்: கொல்லுதலினும் கொள்ளையினும் மேலான நோக்கம் வேண்டும், ஆட்டத்தோடு பின்னிய கதை வேண்டும், கட்டடம் என்றால் அது யாரோ ஒருவர் காரணத்தோடு கட்டியதாகத் தோன்ற வேண்டும், ஓரிரு அமர்வுகளுக்குள் மதிப்பான முடிவு ஒன்றை அடைய இயல வேண்டும். கடைசி நிபந்தனையில் குடும்ப வாழ்வின் நெருக்கடி தெரிகிறது என்று ஊகிப்பது தவறாகாது. வீட்டு வேலையும் குழந்தை வளர்ப்பும் உள்ளவர்க்குத் திங்கள் கணக்கில் நீளும் ஆட்டம் கட்டுப்படியாகாது.

‘ரஹாசியா’வின் கதை எளியது. எல்ஃப் என்னும் வனமாந்தர் வாழும் அமைதியான சிற்றூருக்கு ‘ரஹிப்’ என்பவனால் தீங்கு நேர்கிறது. அவர்தம் கோயிலை அவன் கைப்பற்றிக்கொள்கிறான். மகளிர் இருவர் கவரப்படுகின்றனர். அவர்களை மீட்க வேண்டுமாயின் பேரழகியான ரஹாசியா தன்னை ஒப்படைக்க வேண்டும் என்பது அவன் விதிக்கும் விலை. கவரப்பட்ட மகளிரின் உடலில் பண்டைச் சூனியக்காரிகளின் ஆவிகள் குடியேறுகின்றன என்பதே கதையின் நல்ல திருப்பம். வாளெடுத்து வந்த வீரன் யாரை வெட்டுவது? எதிரே நிற்பது பகையாகவும் இருக்கிறது, மீட்க வந்த பெண்ணாகவும் இருக்கிறது. கொல்லாமை இங்கே அறவுரையாகச் சொல்லப்படாமல் ஆட்டத்தின் சிக்கலாகவே வைக்கப்பட்டிருப்பது எழுதியவர்களின் தேர்ச்சியைக் காட்டுகிறது. எனினும் தலைப்புப் பாத்திரமான ரஹாசியா பெரும்பாலும் அழகியாகவும் பணயப் பொருளாகவுமே நிற்கிறாள். பெண்ணொருவரும் சேர்ந்து எழுதிய நூலில் தலைவிக்கு இவ்வளவு குறைவான செயலா என்ற குறை வாசகர்க்கு எழவே செய்யும்.

மலேசியத் தமிழ் வாசகர்க்கு இந்நூல் வேறொரு கதவையும் திறக்கிறது. டிரேசி ஹிக்மன் 1970களில் தம் சமயப் பணியின் பொருட்டு இந்தோனேசியாவில் சில காலம் வாழ்ந்து அம்மொழி கற்றவர். ‘ரஹாசியா’ அம்மொழிச் சொல். மலாய் மொழியில் ‘ரஹ்சியா’. தமிழில் வழங்கும் ‘இரகசியம்’ என்பதற்கும் அதற்கும் வடமொழி வேர் ஒன்றே. ‘ரஹிப்’ என்பதோ துறவியைக் குறிக்கும் அரபு வழிச் சொல். அமெரிக்க வாசகனின் செவிக்கு இவ்விரண்டும் தொலைதூரக் கனவின் ஒலிகள். இவ்வட்டாரத்தார் செவிக்கோ, ஒன்று அன்றாடம் அலுவலகக் கோப்புகளின் மீது காணும் சொல். மற்றொன்று ஒரு சமயத் துறவியின் பெயர். கோயிலைக் கவர்ந்த கொடியவனுக்குத் துறவி என்று பெயரிட்டது ஒருவகையில் பொருத்தமே. போலித் துறவியரை எந்நாட்டுக் கதையும் அறியும். ஆனால் சொல்லின் பொருளை அறியாத வாசகனிடம் அப்பொருத்தம் சென்று சேர்வதில்லை. மெல்ஃபுக்கு நேர்ந்ததே இங்கும் நேர்கிறது: பொருள் வீட்டுக்குள் தங்கிவிட, ஒலி மட்டும் அச்சேறுகிறது. தாம் வாழ்ந்த நாட்டின் மொழியை ஹிக்மன் அன்போடுதான் எடுத்திருக்க வேண்டும். எனினும் ஒரு மக்களின் வாழும் மொழி, இன்னொரு மக்களின் மாய உலகுக்கு அலங்காரச் சரக்காகும்போது, அம்மொழியோடு வாழ்வோர்க்குச் சற்றே உறுத்தவே செய்யும்.

1983இல் வெளிவந்த ‘ரேவன்லாஃப்ட்’ இக்குறையைக் கடந்து நிற்கிறது. பிறர் நடத்திய ஓர் ஆட்டத்தில் நிலவறை அறையொன்றில் காரணமின்றி நின்றிருந்த இரத்தக் காட்டேரியைக் கண்ட டிரேசி, இது இங்கே ஏன் நிற்கிறது என்று கேட்டாராம். அவ்வினாவே அந்நூலின் வித்து. ஸ்ட்ராட் என்னும் காட்டேரிப் பிரபுவுக்கு ஒரு கோட்டையும் நிறைவேறாத காதலும் பழம்பாவமும் அமைந்தன. அச்சேறுமுன் ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலம் ஒவ்வொரு ஹாலோவீன் இரவிலும் ஹிக்மன் இணையர் இதை நண்பர்களோடு ஆடி வந்தனர். அந்நூலின் புகழ்பெற்ற உத்தி, குறி சொல்லும் கிழவியொருத்தி சாதாரண சீட்டுக்கட்டை விரித்து எதிர்காலம் உரைப்பது. காட்டேரியின் நோக்கம் யாது, அவனை வெல்லும் வாள் எங்கே என்பனவற்றை அச்சீட்டுகளே தீர்மானிக்கின்றன. ஆகவே ஒருமுறை ஆடிய கதை மறுமுறை அவ்வாறே வாராது. அச்சுக்கென எழுதும் ஆசிரியர்க்கு இத்தகைய உத்தி எளிதில் தோன்றாது, அவருக்கு அது தேவையும் இல்லை. ஆண்டுதோறும் அதே மேசையில் கதையின் முடிவை அறிந்த முகங்கள் வந்து அமரும் வீட்டிலேதான் அத்தகைய தேவை எழும். வீட்டின் முத்திரை இங்கே பெயரில் இல்லை, கதையின் எலும்பில் இருக்கிறது. உலகில் எவர் வீட்டில் ஆடினும் அது வேலை செய்கிறது. 2016இல் அக்கதை புதுப்பித்து வெளியிடப்பட்டபோதும் சீட்டுக் குறியை எவரும் அகற்றத் துணியவில்லை.

இவ்வெழுத்துகள் வீட்டைவிட்டு வெளியேறியதற்குக் கலை வேட்கை மட்டும் காரணமன்று. வறுமையுற்றிருந்த நாளில் தம் பிள்ளைகளுக்குக் காலணி வாங்கப் பணம் வேண்டியே தம் ஆட்டநூல்களைக் கைகாக்ஸின் நிறுவனத்துக்கு விற்க முன்வந்ததாக டிரேசி ஹிக்மன் கூறியிருக்கிறார். காலணி செப்பனிட்டவரின் வீட்டில் தொடங்கிய ஆட்டம், காலணி வாங்க வழியற்றவரின் வீட்டால் உயர்ந்தது என்பது வாழ்க்கையின் விநோதங்களுள் ஒன்று. நிறுவனம் நூல்களை வாங்கிக்கொண்டதோடு டிரேசியை 1982இல் பணியிலும் அமர்த்தியது. அதுவரை எழுத்து இருவருக்கும் பொது. பணி ஒருவருக்கே கிடைத்தது.

‘ரஹாசியா’விலும் ‘ரேவன்லாஃப்ட்’டிலும் ஆசிரியர் பெயர்கள் இரண்டாக உள்ளன. அப்பணியில் சேரும் பொருட்டு உட்டா மாநிலத்திலிருந்து விஸ்கான்சினுக்குக் குடும்பத்தோடு காரில் சென்ற நெடும்பயணத்தில், பொழுது போகக் கணவனும் மனைவியும் பேசிப் பேசி உருவாக்கியதே ‘டிராகன்லான்ஸ்’ என்னும் உலகம். அவ்வுலகை வைத்து 1984இல் வெளிவந்த முதல் நாவலின் அட்டையில் மார்கரெட் வெய்ஸ், டிரேசி ஹிக்மன் என்னும் இரு பெயர்கள் காணப்படுகின்றன. காரில் உடனிருந்து பேசிய லாராவின் பெயர் அவ்வட்டையில் இல்லை.