பிசகும் நகையும்: மற்போர்க் காணொளிகள் குறித்து ஒரு திறனாய்வு

கலை எதுவாயினும் அது செம்மையுற நிகழும்போது பாராட்டப் பெறுவதே உலக வழக்கு. மேடையில் வசனம் மறந்த நடிகனையும், கச்சேரியில் தாளம் தப்பிய பாடகனையும் அவையோர் விரைந்து மறந்துவிடவே விழைவர். இவ்வழக்கிற்கு மாறாகக் கலைஞன் தவறிய கணங்களையே தேடித் தொகுத்து, அத்தொகுப்பையே தனிச்சுவையாகத் துய்க்கும் கூட்டமொன்று இன்று பல நாடுகளிலும் பரவியுள்ளது. தொழில்முறை மற்போரில் நேரும் பிசகுகளைத் திரட்டித் தரும் காணொளிகளின் சுவைஞர்களையே ஈண்டுக் குறிப்பிடுகிறோம்.

இவற்றுக்குமா திறனாய்வு என்று வினவுவார் உளர். நம் மாணவர் விரும்பிக் கண்டு சிரிப்பது எதுவோ, அதனை ஆசிரியர் ஆராய்வதில் இழுக்கொன்றுமில்லை. எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையைத்தானே தொல்காப்பியர் முதற்கண் வைத்தார்? எதைக் கண்டு நகைக்கிறோம், ஏன் நகைக்கிறோம், எவ்விடத்தில் நகையை நிறுத்த வேண்டும் என்னும் வினாக்கள் எக்காலத்தும் இலக்கிய மாணவனுக்கு உரியவையே.

புனைவான போர்

தொழில்முறை மற்போர் என்பது உண்மைப் போட்டியன்று. வெல்பவன் யார், தோற்பவன் யார் என்பது முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். தூக்கி எறிபவனும் எறியப்படுபவனும் பகைவர்போல் தோன்றினும் உள்ளபடியே கூட்டாளிகள். எறிபவன் கைகளில்தான் எறியப்படுபவனின் கழுத்தும் முதுகெலும்பும் பாதுகாப்புப் பெறுகின்றன. இவ்வுண்மையை வெளியாரிடம் மறைத்து வைக்கும் மரபை அத்தொழிலார் 'கேஃபேப்' என்று வழங்கினர். 1989ஆம் ஆண்டில், வின்ஸ் மக்மஹனின் நிறுவனம் அரசின் விளையாட்டு ஒழுங்குமுறைகளிலிருந்து விடுபடும்பொருட்டு, தாங்கள் நடத்துவது கேளிக்கையே என்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தின்முன் தாமே ஒப்புக்கொண்டது. இதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1957இல் வெளிவந்த தமது நூலில், பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலான் பார்த், மற்போரை விளையாட்டாகக் கொள்ளாது காட்சிக் கலையாகவே கொண்டு ஆராய்ந்திருந்தார்.

இந்த அடிப்படையை உணர்ந்தாலன்றிப் பிசகின் இலக்கணம் விளங்காது. காற்பந்தாட்டத்தில் ஒருவன் வழுக்கி விழுந்தால் அவ்வீழ்ச்சியும் ஆட்டத்தின் பகுதியே. பந்து மாற்றான் காலுக்குப் போகும், ஆட்டம் தொடரும். மற்போரிலோ வழுக்கல் என்பது புனைவில் விழும் கிழிசல். அக்கிழிசலின் வழியே, பகைவர் இருவரும் கூட்டாளிகள் என்ற உண்மை கணநேரம் எட்டிப் பார்க்கிறது. எட்டி உதைத்த கால் மார்பைத் தொடுமுன்னரே மார்புக்குரியவன் மல்லாந்து விழுந்துவிட்டால், அங்கு வெளிப்படுவது உதைத்தவனின் குறை மட்டுமன்று. அக்கலையின் அடித்தளமே வெளிப்படுகிறது. சுவைஞர் இதனைப் 'பாட்ச்' என்பர். நாம் பிசகு என்றே வழங்குவோம்.

தொகுப்பின் வரலாறு

1950களில் சிங்கப்பூர் ஹேப்பி வோர்ல்டு அரங்கில் கிங் காங்கும் தாராசிங்கும் போன்ற மல்லர்கள் மோதியபோது, பிசகு நேர்ந்திருப்பினும் அது அக்கணத்தோடு மறைந்தது. கண்டவர் சிலர், காணாதவர் பலர். கண்டவரும் தம் கண்ணை ஐயுற்றனரேயன்றி மறுமுறை பார்த்துத் தெளிய வழியில்லை. ஒளிப்பதிவு நாடாக்கள் வீடுகளுக்குள் புகுந்த 1980களில்தான் ஒரே வீழ்ச்சியைப் பத்து முறை திருப்பிப் பார்க்கும் வாய்ப்புச் சுவைஞனுக்குக் கிட்டியது. கருவி மாறியதும் சுவையும் மாறிற்று.

2007ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த, மாஃப்யூ என்னும் பெயரால் அறியப்படும் சுவைஞர் ஒருவர் 'பாட்சமேனியா' என்ற தொகுப்பு வரிசையைத் தொடங்கினார். அது நானூறு பகுதிகளையும் கடந்து வளர்ந்தது. சில நொடிகளே நீளும் துண்டுகள், அவற்றினூடே கேலி எழுத்துகள், பின்னணியில் கணினி விளையாட்டுகளின் இசை என்பதே அதன் அமைப்பு. உரையாசிரியர்போல் ஒருவர் இடைநின்று விளக்குவதில்லை. துண்டுகளை அடுக்கும் முறையே உரையாக நிற்கிறது. பதிப்புரிமை காரணமாகக் காணொளித் தளங்களிலிருந்து பன்முறை நீக்கப்பட்டும் அது நின்றுவிடவில்லை. சுவைஞர் பலர் தாம் கண்ட பிசகுகளைத் தொகுப்பாளருக்கு அனுப்பி உதவுவதால், இதனை ஒருவரின் படைப்பு என்பதினும் ஒரு சமூகத்தின் திரட்டு என்பதே பொருந்தும்.

பிசகின் வகைகள்

இத்தொகுப்புகளில் இடம்பெறும் பிசகுகளை நான்கு வகையாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது நாப்பிசகு. ஒலிவாங்கியைப் பற்றிக்கொண்டு வீரவுரை ஆற்ற வந்தவன் சொல் குழறி, எதிரியின் பெயரையே மறந்து நிற்பது. மேடைப்பேச்சுப் போட்டிகளை நடத்தும் நமக்கு இது புதிதன்று.

இரண்டாவது தோற்றப்பிசகு. 1993ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள், புளோரிடாவின் டேடோனா பீச் நகரில் நிகழ்ந்தது இதற்குத் தலையாய சான்று. ஷாக்மாஸ்டர் என்னும் புதிய மல்லன், சுவரை உடைத்துக்கொண்டு நேரடி ஒளிபரப்பில் தோன்ற வேண்டும். ஃபிரெட் ஒட்மன் என்பவரே அவ்வேடம் பூண்டவர். சுவர் உடைந்தது. ஆனால் அதன் அடியில் இருந்த மரச்சட்டம் காலை இடறவே, அவர் குப்புற வீழ்ந்தார். மினுமினுப்புப் பூசிய தலைக்கவசம் கழன்று உருண்டது. அவருடைய அச்சுறுத்தும் குரலை மறைவில் இருந்த வேறொருவர் தந்துகொண்டிருந்தமையால், கவசத்தைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்ளும் மனிதரும் முழங்கும் குரலும் ஒன்றோடொன்று ஒட்டவேயில்லை. அச்சச் சுவைக்கென ஆக்கப்பட்ட காட்சி ஒரே நொடியில் நகைச் சுவையாயிற்று.

மூன்றாவது அளவுப்பிசகு. 2003ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் சியாட்டிலில், பிராக் லெஸ்னர் கயிற்றின் உச்சியிலிருந்து பின்புறமாகச் சுழன்று எதிரியின்மேல் விழ முயன்றபோது, தூரம் போதாமல் தலை மோத வீழ்ந்து மூளை அதிர்ச்சிக்கு ஆளானார். 2005ஆம் ஆண்டு ஜனவரியில், கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் இறுதியாக எஞ்சிய பட்டிஸ்டா, ஜான் சீனா இருவரும் ஒருசேரக் கயிற்றுக்கு வெளியே விழுந்தனர். வென்றவன் யார் என்பதே குழம்பியது. அதனைச் சீர்செய்யச் சினத்துடன் விரைந்து வந்த உரிமையாளர் வின்ஸ் மக்மஹன், மேடைக்குள் நுழைகையில் இரு தொடைத் தசைநார்களும் கிழிந்துபோக, எழ இயலாமல் அமர்ந்தபடியே ஆணையிட நேர்ந்தது.

நான்காவது ஊறுபிசகு, உடலுக்கு நிலையான கேடு விளைப்பது. இதனைப் பின்னர்க் காண்போம்.

சுவைக்குரிய காரணங்கள்

இக்காணொளிகள் ஏன் ஈர்க்கின்றன? பெருமிதம் சரிவதைக் காணும் இன்பம் முதற்காரணம். எள்ளலையும் பேதைமையையும் நகை பிறக்கும் நிலைக்களன்களுள் தொல்காப்பியர் வைத்தெண்ணியது நினையத்தக்கது. மார்தட்டி வருபவன் இடறி விழுவதில் இவ்விரண்டும் ஒருங்கே அமைகின்றன. எளியவன் இடறினால் இரக்கம் பிறக்கும்; இறுமாந்தவன் இடறினால் நகை பிறக்கும். மக்மஹன் அமர்ந்த கோலத்தில் ஆணையிட்டதைக் கண்டு சுவைஞர் இன்றளவும் நகைப்பது, அவர் உற்ற வலியை அறியாமையால் அன்று. ஆணையிடும் கோலத்திற்கும் எழமுடியாத நிலைக்கும் உள்ள முரண்பாட்டினால் ஆகும்.

இரண்டாம் காரணம் அறிவின்பம். பிசகைப் பிசகென்று உணர வேண்டுமானால், அங்கு நிகழவேண்டியிருந்தது எது என்பதை அறிந்திருக்க வேண்டும். யாப்பறிந்தவனுக்கன்றோ தளை தட்டுவது புலப்படும்? இத்தொகுப்புகளைத் தொடர்ந்து காண்பவன் பிடியின் முறை, விழும் முறை, எதிராளியைக் காக்கும் முறை ஆகியவற்றைத் தன்னையறியாமலே கற்கிறான். ஆயிரம் செம்மையான ஆட்டங்கள் கற்பிக்காத ஒன்றைச் சில பிசகுகள் கற்பித்துவிடுகின்றன. அது யாதெனின், பிசகாமல் ஆடுவது எத்துணை அரிது என்பதே.

மூன்றாம் காரணம் அன்பு. 2018ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சவூதி அரேபியாவின் ஜெட்டா நகரில், டைட்டஸ் ஓநீல் மேடையை நோக்கி ஓடிவருகையில் கால் தடுக்கி, மேடையின் அடியிலேயே சறுக்கி மறைந்தார். உலகம் சிரித்தது, அவரும் உடன் சிரித்தார். நிறுவனமும் அச்சறுக்கலைத் தானே நகைப்பொருளாக்கிக் கொண்டது. தன்னைக் கண்டு பிறர் நகைக்கையில் தானும் நகைக்க வல்லவனை எவரும் இகழ்வதில்லை.

விளைந்த தாக்கம்

இவற்றின் தாக்கம் திரையோடு நிற்கவில்லை. 1990களில் பிலடெல்பியாவில் ஈ.சி.டபிள்யூ என்னும் அமைப்பின் அவையோர், பிசகு நேர்ந்தவுடன் 'தவறிவிட்டாய்' என்னும் பொருள்பட வசைச்சொல் கலந்து கூட்டமாய் முழங்கும் வழக்கத்தைத் தொடங்கினர். தொகுப்புகள் பெருகிய பின்னர், 'பாட்சமேனியா' என்ற பெயரே அரங்குகளில் முழக்கமாக ஒலிக்கலாயிற்று. தொழிலாரின் கமுக்கச் சொற்கள் சுவைஞரின் அன்றாடப் பேச்சாயின. கதையில் தோய்ந்திருந்த அவை, கதையின் தையலைத் துருவிப் பார்க்கும் அவையாயிற்று.

இது வளர்ச்சியா, தேய்வா? இரண்டும் என்பதே எமது கருத்து. அறிந்து சுவைக்கும் அவை கலைக்கு நன்று. ஆனால் பிசகை எதிர்பார்த்தே காத்திருக்கும் அவை, கலைஞனைக் கலைஞனாகக் காண்பதை மறந்துவிடும். சிற்றூர் மண்டபங்களில், சிறு கூலிக்கு, போதிய பயிற்சியின்றி ஆடும் இளைஞனின் முதற்பிசகும், கோடிகள் ஈட்டும் புகழாளனின் பிசகும் ஒரே இசையோடு ஒரே தொகுப்பில் அடுத்தடுத்து நிற்கின்றன. இறுமாந்தவன் வீழ்ச்சிக்கு உரிய எள்ளல், பழகுவோன் வீழ்ச்சிக்கு உரியதன்று. வரிசைப்படுத்துதலே உரையாக நிற்கும் படைப்பில், இவ்வேறுபாடு காணாத வரிசை ஒரு குறையே.

நகையின் எல்லை

1997ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் நியூ ஜெர்சியில் நடந்த ஆட்டத்தில், ஓவன் ஹார்ட் தம் எதிராளி ஸ்டீவ் ஆஸ்டினைத் தலைகீழாகப் பற்றி அமர்ந்தபோது, ஆஸ்டினின் தலை காப்புக்குள் அடங்காமல் தரையில் மோதியது. ஆஸ்டினுக்குச் சிறிது நேரம் கைகால்கள் இயங்கவில்லை. அவர் தேறுவதற்குக் காலம் கொடுக்கும்பொருட்டு, ஹார்ட் அவையோரை நோக்கி வீணே ஏளனம் செய்துகொண்டு நின்றார். பின்னர் ஆஸ்டின் தவழ்ந்து வந்து, வலுவற்ற கைகளால் அவரை உருட்டி வென்றதாக ஆட்டம் முடிக்கப்பட்டது.

இக்காட்சியை முன்பின் அறியாமல் சில நொடித் துண்டாகக் காண்பவன் என்ன காண்பான்? குழந்தையும் தப்பிக்கக்கூடிய பிடியில் ஒரு பெரு மல்லன் தோற்பதைக் கண்டு சிரிப்பான். அறிந்தவனோ, கழுத்து நைந்த ஒருவன் தன் கடமையை முடித்ததையும், தன் பிசகால் கலங்கிய மற்றொருவன் அவனைக் காத்து நின்றதையும் கண்டு நெஞ்சு கலங்குவான். காட்சி ஒன்றே, மெய்ப்பாடு இரண்டு. நகைக்கும் அழுகைக்கும் இடையே நிற்பது அறிவு ஒன்றே.

1999ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் டேரன் டிரோஸ்டோவ் என்னும் மல்லர், டி'லோ பிரவுன் தூக்கி எறிந்த வீச்சில் கழுத்து முறிந்து, வாழ்நாள் முழுதும் செயலிழந்த உடலோடு வாழ்ந்து 2023இல் மறைந்தார். தம் எதிராளியை அவர் குறை கூறியதில்லை. அவ்வாட்டம் ஒளிபரப்பப்படவே இல்லை. எல்லாப் பிசகுகளும் காட்சியாக வேண்டுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

முடிவுரை

இக்காணொளிகளை முற்றும் ஒதுக்குதல் இயலாது, ஒதுக்கவும் வேண்டுவதில்லை. அவை ஒரு கலையின் மறைவிடத்தைத் திறந்து காட்டுகின்றன. கூர்ந்து நோக்கும் பழக்கத்தை வளர்க்கின்றன. பெருமையும் சறுக்கும் என்பதை நயமாக உணர்த்துகின்றன. ஆனால் வெட்டி எடுத்த துண்டு முழுமையை மறைக்கும் இயல்பினது என்பதை மாணவர் உணர்தல் வேண்டும். ஒரு பாடலின் ஓரடியை மட்டும் கொண்டு புலவனை எடைபோடலாகாது என்று கற்பிக்கும் நாம், இங்கும் அதனையே கற்பிக்க வேண்டும்.

எனவே, இத்தகைய காணொளி கண்டு சிரிக்கும் மாணவனிடம் ஆசிரியர் மூன்று வினாக்களை எழுப்பலாம். இங்கு நிகழவேண்டியிருந்தது யாது? தவறியதற்குக் காரணம் யாது? தவறிய பின்னர் அம்மனிதன் என்ன ஆனான்? முதல் வினா அறிவை வளர்க்கும். இரண்டாவது ஆராய்ச்சியை வளர்க்கும். மூன்றாவது அருளை வளர்க்கும். மூன்றாம் வினாவுக்கு விடை தெரிந்த பின்னரும் நகை எஞ்சுமாயின், அந்நகை குற்றமற்றது. வாசிக்கையில் லகர ளகரம் மயங்கும் சிறுவனைக் கண்டு வகுப்பே கொல்லென்று சிரிக்கும் வேளையிலும், ஆசிரியர் மனத்துள் எழவேண்டிய வினாக்கள் இவையே.