பெருமூலக்கூறும் பெருவலையமைப்பும்: ஒரு கலைச்சொல் மதிப்பீடு

‘மூலக்கூறு’ என்பது அறிவியல் தமிழில் நன்கு வேரூன்றிய சொல். ஆயினும் அதன்முன் பேரளவைச் சுட்டும் அடை சேரும்பொழுது பொருள்மயக்கம் தோன்றுகிறது. ஆங்கில நூல்கள் சில புரதம், பாலித்தீன் ஆகியவற்றையும் வைரம், குவார்ட்சு ஆகியவற்றையும் ஒரே பெயரால் சுட்டுகின்றன. அதனை ‘இராட்சத மூலக்கூறு’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அம்மயக்கம் தமிழிலும் புகும்.

இரப்பர் போன்றவை சிறு மூலக்கூறுகளின் வெறுந்திரள் அல்ல, நீண்ட சங்கிலிகளே என நிறுவ முயன்ற செருமானிய அறிஞர் ஹெர்மன் ஸ்டாடிங்கர், 1922இல் பெருமூலக்கூறு என்னும் கருத்துக்குப் பெயரிட்டார். எவ்வளவு பெரிதாயினும் அது எல்லையுடைய தனிப்பொருள். தசைப்புரதமாகிய மயோகுளோபினின் மூலக்கூறு நிறை சுமார் 17,000 எனக் கூற இயல்வது அதனாலேயே. வைரத்திலோ தனி மூலக்கூறு இல்லை என்பதை 1913இல் பிராக் தந்தையும் மகனும் செய்த எக்ஸ்-கதிர் ஆய்வு காட்டிற்று. ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு அணுக்களோடு பிணைந்து, படிகத்தின் விளிம்புவரை அமைப்பு தொடர்கிறது. குவார்ட்சின் வாய்பாடும் சிலிக்கன் ஒன்றுக்கு ஆக்சிசன் இரண்டு என்னும் விகிதத்தை மட்டுமே உணர்த்தும்.

இவ்வேறுபாடு பண்பிலும் வெளிப்படும். பாலித்தீனின் சங்கிலிகளுக்கிடையே உள்ள விசை மெலிது. ஆதலின் அது சுமார் 130 டிகிரி செல்சியசுக்குள்ளேயே உருகிவிடும். சிலிக்காவை உருக்கச் சகப்பிணைப்புகளையே சிதைத்தல் வேண்டும். அதற்குச் சுமார் 1,700 டிகிரி தேவை. இரண்டிற்கும் ஒரே பெயர் கற்ற மாணவன் இதன் காரணத்தைச் சொல்லிலிருந்து உய்த்துணர இயலாது.

பிறமொழி வழக்கும் எச்சரிக்கை தருகிறது. கொல்கத்தாவின் நியூ டவுனில் வங்கமொழி வழியே பயில்பவருக்கு ‘அணு’ என்பது மூலக்கூறு. தமிழர் அணு என்பதை அவர் ‘பரமாணு’ என்பார். அங்குள்ள தொடரைப் ‘பேரணு’ எனப் பெயர்த்தால் மயக்கம் இரட்டிக்கும். தமிழுக்குள்ளும் தமிழகத்தின் ‘சகப்பிணைப்பு’ ஈழத்தில் ‘பங்கீட்டு வலுப்பிணைப்பு’ ஆகிறது. ஆயின் இங்குச் சொல் வேறுபடினும் கருத்து வேறுபடவில்லை.

பேக்கலைட்டு போன்ற குறுக்குப்பிணைப்புடைய பலபடிகள் இரு வகைக்கும் இடைப்பட்டவை என்னும் மறுப்பு எழலாம். எல்லையில் நிற்பன சில உள என்பதால் எல்லையே இல்லை என்றாகாது. எனவே ‘பெருமூலக்கூறு’ என்பதைத் தனி மூலக்கூறுடையவற்றுக்கே உரியதாக்கி, வைரம் முதலியவற்றைச் ‘சகப்பிணைப்புப் பெருவலையமைப்பு’ என வழங்குதல் தகும். பின்னது நீண்ட தொடரே. எனினும் இல்லாத மூலக்கூறொன்றை உண்டெனக் காட்டும் பிழை அதில் இல்லை.