கண்ணாடி நகரமும் ஒன்பது கட்டங்களும்

ஹரீரியின் 'மகாமாத்' நூலைப் பயிற்றுவிக்கும் எவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. அதன் கதையை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். நாவன்மை மிக்க ஏமாற்றுக்காரரான அபூ ஸைத் ஊர் ஊராகச் சென்று சொல்லால் மயக்கிப் பொருள் பெறுகிறார்; ஹாரிஸ் பின் ஹம்மாம் அதைக் கண்டு நமக்கு உரைக்கிறார். இதைத் தெரிந்துகொண்ட மாணவன் மகாமாத்தைத் தெரிந்துகொண்டவன் ஆகான். கி.பி. 1237இல் யஹ்யா அல்-வாஸிதி அந்நூலுக்கு ஓவியங்கள் தீட்டினார். இன்று பாரிஸிலுள்ள பிரான்ஸ் தேசிய நூலகத்தில் காக்கப்படும் அவ்வேட்டின் ஒட்டகக் கூட்டமும் கிராமக் காட்சியும் பேரழகு வாய்ந்தவை. எனினும் ஹரீரியின் சொல்லாட்டத்தில் ஒரு துளியும் அவற்றில் ஏறவில்லை. ஓவியர் கண்ட உலகம் அங்கே இருக்கிறது. நூலின் குரல் இல்லை.

எழுத்தில் பிறந்த உணர்வு சித்திரத்தில் குடிபெயராது என்றே நெடுங்காலம் நம்பியிருந்தேன். கவிதையை மொழிபெயர்த்தால் அதன் வியப்பு உதிர்ந்துவிடும் என்று ஜாஹிழ் கூறியது எனக்குத் துணையாயிற்று. நஹ்வுப் பாடநூலுக்குள் முத்து காமிக்ஸை ஒளித்துப் படித்த தலைமுறைதான் நாங்களும். ஆனால் அவற்றில் நாங்கள் தேடியது அடுத்து என்ன நடக்கும் என்பதை மட்டுமே. அந்நம்பிக்கையைத் தளர்த்திய நூல், அமெரிக்க எழுத்தாளர் பால் ஆஸ்டர் 1985இல் வெளியிட்ட 'கண்ணாடி நகரம்' நாவலின் சித்திரக்கதை வடிவம். பால் கராசிக், டேவிட் மட்ஸுக்கெல்லி இருவரும் ஆக்கிய அது 1994இல் வெளிவந்தது.

நாவலின் நாயகன் க்வின், மனைவியையும் சிறுமகனையும் இழந்தவன். புனைபெயரில் துப்பறியும் கதைகள் எழுதிப் பிழைக்கிறான். நள்ளிரவில் தவறுதலாக வரும் தொலைபேசி அழைப்பு ஒன்று, 'பால் ஆஸ்டர்' என்னும் துப்பறிவாளரைக் கேட்கிறது. அவன் தானே அவர் என்று சொல்லிவிடுகிறான். பீட்டர் ஸ்டில்மன் என்ற இளைஞனை அவனுடைய தந்தையிடமிருந்து காப்பது பணி. மனிதப் பேச்சு செவியில் விழாத குழந்தை இறைவனின் ஆதிமொழியைத் தானே பேசும் என்று கருதி, மகனை ஒன்பதாண்டுகள் இருட்டறையில் அடைத்து வைத்தவர் அத்தந்தை. க்வின் இழந்த மகனின் பெயரும் பீட்டர்தான். ஆஸ்டர் இதை ஊன்றிச் சொல்வதில்லை. துயரத்தைப் பற்றி மிகக் குறைவாகப் பேசி, தட்டையான வாக்கியங்களின் அடியில் அதைப் புதைத்து வைப்பதே அவருடைய நடை.

இத்தகைய நூலைப் படமாக்குவோர் தொப்பியணிந்த துப்பறிவாளனையும் நியூயார்க் தெருக்களையும் வரைந்து நிறைவடைந்துவிடக்கூடும். 'பேட்மேன்: முதலாம் ஆண்டு' கதைக்கு ஓவியம் தீட்டிப் புகழ்பெற்றிருந்த மட்ஸுக்கெல்லியின் தொடக்க முயற்சிகள் அவருக்கே கைகூடவில்லை. பின்னர் கராசிக் வந்து சேர்ந்தார். பக்கத்துக்கு மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று கட்டம் என்ற மாறாத ஒழுங்கே நூலின் அடித்தளமாயிற்று. அக்கட்டங்கள் ஓரிடத்தில் சன்னலாகவும் ஓரிடத்தில் சிறைக்கம்பியாகவும் தோன்றுகின்றன. க்வினின் சன்னலுக்கு வெளியே தெரியும் கட்டடங்கள் கட்டத்துக்குக் கட்டம் உருமாறிப் புதிர்ப்பாதையாகின்றன; புதிர்ப்பாதை ஒரு கைரேகையாகிறது; கைரேகை கண்ணாடியில் பதிந்த அடையாளமாக முடிகிறது. நகரில் தொலைவதும் தன்னுள் தொலைவதும் ஒன்றே என்ற நாவலின் உணர்வு, விளக்கவுரை எதுவுமின்றிக் கண்ணுக்கு எட்டிவிடுகிறது.

அப்துல் காஹிர் அல்-ஜுர்ஜானி 'தலாயிலுல் இஃஜாஸ்' நூலில் நிறுவிய 'நழ்ம்' கோட்பாடு இங்கே நினைவுக்கு வருகிறது. தனிச் சொல்லுக்குச் சிறப்பில்லை. சொற்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் ஒழுங்கிலேயே சிறப்பு என்பது அவர் கருத்து. அவ்வொழுங்கைக் கைவிட்டுப் பொருளை மட்டும் எடுத்துச் சென்றால் கையில் எஞ்சுவது சக்கை. கராசிக்கும் மட்ஸுக்கெல்லியும் ஆஸ்டரின் ஒழுங்கை நகலெடுக்க முயலவில்லை. தம் கலைக்குரிய வேறோர் ஒழுங்கைக் கண்டு, அதனுள் அதே துயரை நிறுத்தினார்கள்.

அதன் உச்சம் இளைய ஸ்டில்மன் பேசும் பகுதி. நாவலில் அது பல பக்கம் நீளும் திக்கலும் திரும்பக் கூறலுமான பேச்சு. தன் பெயரைச் சொன்ன வாயாலேயே அது தன் பெயரில்லை என மறுக்கும் பேச்சு. வெண்ணிற உடையில், நூலில் ஆடும் பொம்மைபோல் அமர்ந்திருக்கிறான் அவன். சித்திரத்தில் பேச்சுக்குமிழின் வால் அவன் உதட்டில் நிற்காமல் வாய்க்குள் இறங்கித் தொண்டைக்குள் போகிறது. அங்கிருந்து ஒரு படகோட்டி எழுகிறான். குமிழின் வால் இப்போது அவனிடமிருந்து வருகிறது. பிறகு குகைச்சுவர்ச் சித்திரம், கிராமபோன் என ஒவ்வொன்றாய்ப் பேச, கடைசியில் ஆழ்கிணற்றின் அடியில் ஒரு பொம்மை உடைந்து கிடக்கிறது. குரல் இருக்கிறது, குரலுக்கு உரியவன் இல்லை. ஆதம் (அலை) அவர்களுக்குப் பெயர்கள் *கற்பிக்கப்பட்டன* என்று ஓதி வளர்ந்தவன் நான். கற்பிப்பாரின்றி விடப்பட்ட குழந்தையின் தொண்டைக்குள் என்ன இருக்கும் என்பதை இப்பக்கங்களைப் பார்க்கும்வரை நான் எண்ணிப் பார்த்ததில்லை. நாவலைப் படித்தபோது அப்பேச்சு எனக்குச் சலிப்பையே தந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குறையும் உண்டு. க்வின் உண்மையான 'ஆஸ்டரை'ச் சந்திக்கும் இடத்தில், 'டான் கிஹோத்தே'யின் மூல ஆசிரியராகச் செர்வாண்டஸ் காட்டும் அரபியர் ஸீதி ஹாமித் பெனன்ஹேலியைப் பற்றி நாவல் விரிவாக விவாதிக்கிறது. ஒரு நூலின் உண்மையான குரல் எவருடையது என்ற கேள்வியே அங்கு ஆராயப்படுகிறது. சித்திரக்கதையில் அது சுருங்கிவிட்டது. தருக்கம் கட்டங்களுக்குள் அடங்க மறுக்கிறது போலும்.

ஆஸ்டர் 2024இல் மறைந்தார். அவருடைய நியூயார்க் முந்நூலின் மற்ற இரு நாவல்களும் 2025இல் சித்திரக்கதையாயின. லொரென்சோ மட்டோட்டி ஒன்றையும் கராசிக் ஒன்றையும் வரைய, 'கண்ணாடி நகரம்' அவற்றோடு ஒரே தொகுப்பில் வந்துள்ளது. முப்பதாண்டுகளுக்குப் பின்னும் அதன் இறுதிப் பக்கங்களுக்கே நான் திரும்பிச் செல்கிறேன். வெற்று வீட்டின் இருட்டறையில் க்வின் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறான். தாள் தீர்ந்துகொண்டே வருகிறது. அதுவரை அசையாதிருந்த கட்டங்கள் அங்கே சாய்கின்றன, ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன, கருமைக்குள் உதிர்கின்றன.