வலையும் அலமாரியும்: பள்ளி நூலகரின் வலைப்பதிவு குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

மாணவரையும் உடன் பணியாற்றும் ஆசிரியரையும் வாசிப்பின்பால் ஈர்க்கப் பள்ளி நூலகர்கள் வலைப்பதிவைப் பயன்படுத்துவது நூலகவியல் ஆய்வுகளில் பெரும்பாலும் ஒரு கருவியின் வெற்றியாகவே பேசப்படுகிறது. அக்கருவியைக் கையாள வேண்டிய நூலகர் நம் பள்ளிகளில் இருக்கிறாரா என்னும் வினா பின்தள்ளப்படுகிறது. எஸ்.ஆர்.அரங்கநாதனின் ஐந்து விதிகளை அளவுகோலாகவும், திருச்சிராப்பள்ளி வட்டாரத்தைக் களமாகவும் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: பள்ளி நூலகம், வலைப்பதிவு, அரங்கநாதன், ஐந்து விதிகள், கையெழுத்து இதழ், திருச்சிராப்பள்ளி

முன்னுரை

தமிழில் 2003ஆம் ஆண்டு முதல் வலைப்பதிவுகள் எழுதப்பட்டு வருகின்றன. 2004இல் தொடங்கப்பெற்ற தமிழ்மணம் திரட்டி அவற்றை ஓரிடத்தில் தொகுத்துக் காட்டியது. 2015 அக்டோபர் 11 அன்று புதுக்கோட்டையில் நடைபெற்ற வலைப்பதிவர் திருவிழாவை முன்னின்று நடத்தியவர்களுள் பள்ளி ஆசிரியர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். இவ்வரலாற்றில் ஆசிரியரின் குரல் தெளிவாகக் கேட்கிறது. பள்ளி நூலகரின் குரலோ அந்த அளவிற்குக் கேட்கவில்லை. இந்த இடைவெளியை ஆர்வக் குறைவு என்றோ தொழில்நுட்பப் பயிற்சிக் குறைவு என்றோ விளக்குவது வழக்கம். அவ்விளக்கம் போதுமானதன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அளவுகோல்: ஐந்து விதிகள்

சீர்காழியில் 1892இல் பிறந்த அரங்கநாதன், கணித ஆசிரியராகப் பணியாற்றிய பின்னர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அவருடைய ஐந்து விதிகள் 1931இல் நூல்வடிவம் பெற்றன. நூல்கள் பயன்பாட்டிற்கு உரியவை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் உண்டு. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு. வாசகரின் நேரம் வீணாகலாகாது. நூலகம் வளரும் உயிரி என்பன அவ்விதிகளின் சாரம். இவ்விதிகள் வகுப்பறையை அறிந்த ஓர் ஆசிரியரின் சிந்தனையில் உருவானவை. 1942இல் அவர் பள்ளி, கல்லூரி நூலகங்களுக்கெனத் தனி நூலே எழுதினார். ஆதலின் பள்ளி நூலகரின் வலைப்பதிவை மதிப்பிட அயல்நாட்டு அளவுகோல் எதையும் இரவல் பெற வேண்டியதில்லை.

முதல் விதியை விளக்கும்போது அரங்கநாதன், இடைக்கால ஐரோப்பாவில் நூல்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததை நினைவூட்டுகிறார். நம் பள்ளிகளில் சங்கிலியின் இடத்தைப் பூட்டிய அலமாரி பிடித்துக்கொண்டது. இருப்புப் பதிவேட்டில் உள்ள நூல் தொலைந்தால் பொறுப்பாளரே ஈடு செய்ய வேண்டும் என்னும் அச்சம் அப்பூட்டை இறுக்குகிறது. அலமாரி பூட்டியிருக்க, 'புதிய வரவுகள்' என்று அட்டைப்படங்களை இணையத்தில் இடும் வலைப்பதிவு முதல் விதியை நிறைவேற்றுவதில்லை. அது பூட்டின்மேல் ஒட்டிய விளம்பரத் தாளாகவே நின்றுவிடுகிறது. வலைப்பதிவைப் பற்றிய எந்த ஆய்வும் திரையை நோக்குவதற்கு முன்னர் அலமாரியின் சாவி யாரிடம் உள்ளது எனக் கேட்க வேண்டும்.

மாணவர்: அறிவிப்பும் விடையும்

பள்ளி நூலக வலைப்பதிவுகளின் உள்ளடக்கத்தை இரு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று அறிவிப்பு: நூலக வார விழா, போட்டி முடிவுகள், நூல் வரவு, பிறந்தநாள் குறிப்புகள். மற்றொன்று விடை: ஒரு மாணவர் கேட்ட வினாவிற்குப் பள்ளியின் அலமாரியிலுள்ள நூல்களைக் காட்டி எழுதப்பெறும் பதிவு. முன்னதற்கு வலைப்பதிவு வேண்டியதில்லை. பள்ளியின் அறிவிப்புப் பலகையே போதும். பின்னதே நூலகருக்குரிய எழுத்து. இரண்டாம், நான்காம் விதிகள் இங்குதான் செயற்படுகின்றன. ஒருமுறை எழுதிய விடை அடுத்த ஆண்டு அதே வினாவோடு வரும் மாணவருக்கும் உதவுவதால் நூலகரின் உழைப்பும் மாணவரின் நேரமும் ஒருங்கே மிச்சமாகின்றன.

மாணவரே எழுதும் நூல் மதிப்புரைகள் மூன்றாம் விதியோடு தொடர்புடையவை. ஒரு நூலுக்குரிய அடுத்த வாசகரை முந்தைய வாசகரே அழைத்து வருகிறார். எனினும் இவ்வகை மதிப்புரைகள் பல கதைச்சுருக்கம், நீதி, பாராட்டு என்னும் மூன்று படிகளில் நின்றுவிடுகின்றன. தலைமையாசிரியரும் கல்வி அலுவலரும் பெற்றோரும் படிக்கும் வெளியில் ஒரு மாணவி 'இந்நூல் எனக்குச் சலிப்பூட்டியது' என்று எழுதத் துணிவதில்லை. முற்காலத்துக் கையெழுத்து இதழை இங்கு ஒப்பிட வேண்டும். ஒரே படியாக எழுதப்பெற்று, வகுப்புக்குள்ளேயே கைமாறிய அவ்விதழில் கேலியும் மறுப்பும் இடம்பெற முடிந்தது; வாசகர் சிலராக இருந்தமையே அதன் விடுதலை. ஆகவே நூலகர் முதலில் செய்யத்தக்கது, 'பிடிக்கவில்லை' என்பதையும் ஒரு மதிப்பீடாக ஏற்று, அதற்கான காரணத்தைக் கேட்டு எழுதச் செய்வதே. திருத்தாமலும் கைவிடாமலும் உடனிருக்கும் இப்பணிக்குப் பயிற்சியும் நேரமும் தேவை.

இங்கு ஒரு சட்டக் கடப்பாடும் உண்டு. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. அவர்தம் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலை வேண்டுகிறது. மாணவரின் பெயர், வகுப்பு, படம் ஆகியவற்றைப் பரிசுபோல இணையத்தில் இடும் வழக்கத்தை நூலகர்கள் மறுபரிசீலனை செய்தாக வேண்டும்.

உடன்பணியாளர்: ஒரு வெள்ளமும் பல பாடங்களும்

மாணவரை ஈர்ப்பதைவிட ஆசிரியரை ஈர்ப்பது கடினம். திருவானைக்காவல் தலபுராணத்தில் சிலந்தியும் யானையும் ஒரே இறைவனுக்குத் தொண்டு செய்கின்றன. இலைச்சருகு விழாதிருக்கச் சிலந்தி வலை பின்னுகிறது. அதைத் தூய்மைக்கேடு என எண்ணி யானை நாள்தோறும் அழிக்கிறது. இரண்டின் அன்பிலும் குறையில்லை. ஒன்றின் பணி மற்றொன்றுக்குப் பணியாகத் தோன்றாததே கேடு. பள்ளியிலும் நிலைமை இதுவே. பாடத்தை முடிக்க விரையும் ஆசிரியருக்கு நூலகப் பாடவேளை தேர்வுக்கு எடுத்துக்கொள்ளத்தக்க காலியிடமாகத் தெரிகிறது. நூலகருக்கோ பாடநூல் வாசிப்பின் பகையாகத் தெரிகிறது.

வலைப்பதிவு இவ்விருவரையும் இணைக்கும் வழியை உள்ளூர் நிகழ்வொன்றைக் கொண்டு எண்ணிப் பார்க்கலாம். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த மேலணையின் 45 மதகுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டன. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே அமைந்த திருவரங்கம், திருவானைக்காவல் தீவில் வாழும் மாணவருக்கு அது வெறும் நாளிதழ்ச் செய்தியன்று. அந்த அணை எப்போது, யாரால் கட்டப்பட்டது, மதகு ஏன் உடைந்தது, ஆறு ஏன் இரண்டாகப் பிரிகிறது, கல்லணைக்கும் இதற்கும் என்ன உறவு என்னும் வினாக்கள் இயல்பாக எழுபவை. ஆர்தர் காட்டன் 1830களில் மேற்கொண்ட பணியை வரலாற்று ஆசிரியர் எழுதலாம். நீரழுத்தத்தை இயற்பியல் ஆசிரியரும், ஆற்றின் படிவுகளை நிலவியல் ஆசிரியரும் விளக்கலாம். ஐம்பூதத் தலங்களுள் திருவானைக்காவல் நீருக்குரியதாக எண்ணப்பட்ட மரபைத் தமிழாசிரியர் சுட்டலாம். ஒவ்வொரு பகுதியின் கீழும் அந்தப் பள்ளியிலேயே கிடைக்கும் நூலின் பெயரையும் அது இருக்கும் தட்டின் எண்ணையும் நூலகர் சேர்க்க வேண்டும். அப்போது நூலகம் பாடவேளைக்குப் போட்டியாக நில்லாமல், பாடங்கள் சந்திக்கும் இடமாகிறது.

நூலகரும் ஆசிரியரும் இணைந்து பணியாற்றும்போது மாணவரின் எழுத்தறிவும் கற்றலும் உயர்கின்றன என்று யுனெஸ்கோவும் பன்னாட்டு நூலகச் சங்கக் கூட்டமைப்பும் ஏற்ற 1999ஆம் ஆண்டுப் பள்ளி நூலக அறிக்கை கூறுகிறது. இவ்விணைப்பிற்கு நூலகர், ஆசிரியரோடு சமநிலையில் உட்கார்ந்து பேசக்கூடியவராக இருத்தல் வேண்டும். இதுவே கட்டுரையின் மையச் சிக்கலுக்கு நம்மை இட்டுச்செல்கிறது.

எழுதுபவர் யார்?

சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ.இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்வி ஆணையம் 1953இல் தந்த அறிக்கை, பெரும்பாலான பள்ளிகளில் நூலகம் எனத்தக்கது இல்லை என்றும், பழைய நூல்கள் சில அலமாரிகளில் முடங்கியுள்ளன என்றும், எழுத்தரோ ஆர்வமற்ற ஆசிரியரோ பகுதிநேரமாக அவற்றைக் கவனிக்கிறார் என்றும் கண்டித்தது. பயிற்சி பெற்ற நூலகர் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ், பருவ இதழ், கதைநூல் உள்ளிட்ட நூல்களைக் கொண்ட நூலகம் இருத்தல் வேண்டும் என்கிறது. ஆனால் அதே அட்டவணையின் பணியாளர் பகுதியில் நூலகர் இல்லை. 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம் இந்தியாவிற்கே முன்னோடி. எனினும் அது பொது நூலகங்களுக்கானது. அறை உண்டு, நூல் உண்டு, நூல் வாங்க மானியம் உண்டு, ஆள் மட்டும் இல்லை என்னும் நிலை இவ்வாறு சட்டத்திலேயே வேரூன்றியுள்ளது.

திருச்சிராப்பள்ளி இதனை ஒரே நகருக்குள் காட்டுகிறது. இங்குள்ள கேந்திரிய வித்யாலயாக்களில் நூலகர் தனிப் பணியிடம். நூலகவியல் பட்டம் பெற்றவரே அதற்குரியர். அவ்வமைப்பின் பள்ளிகள் நாட்டின் பல பகுதிகளில் நூலக வலைப்பதிவுகளை நடத்தி வருகின்றன. திருவனந்தபுரம் பட்டம் பள்ளியின் வலைப்பதிவு அவற்றுள் நன்கு அறியப்பட்டது. அதே நகரின் அரசுப் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் பாட ஆசிரியர் ஒருவரே நூலகப் பொறுப்பையும் கூடுதலாகச் சுமக்கிறார். விளைவு வெளிப்படை. பணியிடம் உள்ள நூலகர் பெரிதும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதுகிறார். தமிழில் எழுத வேண்டியவருக்குப் பணியிடம் இல்லை. தமிழில் பள்ளி நூலக வலைப்பதிவு அரிதாக இருப்பதற்கு மொழியோ தொழில்நுட்பமோ காரணமன்று. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்துவிட்டன. இயந்திரம் வந்த வாயில் வழியே மனிதர் இன்னும் வரவில்லை.

மறுப்புகள்

இதற்கு இரு மறுப்புகள் எழலாம். வாட்ஸப் குழுக்கள் வந்தபின் வலைப்பதிவு காலாவதியாயிற்று என்பது முதலாவது. குழுச் செய்தி அன்றே படிக்கப்படுகிறது, மறுநாள் புதைகிறது. நாளிட்டு, பொருள்வாரியாகத் தேடத்தக்கதாய் நிற்பது வலைப்பதிவின் சிறப்பு. நூலகம் வளரும் உயிரி என்னும் ஐந்தாம் விதிக்கு அதுவே இசைவானது. ஆனால் இதிலும் எச்சரிக்கை தேவை. ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோது அதிலிருந்த எண்ணற்ற பக்கங்கள் அங்கிருந்து மறைந்தன. கையெழுத்து இதழ் அலமாரியில் எஞ்சியிருக்க, இலவச வலைத்தளம் நிறுவனத்தின் விருப்பப்படி மறையலாம். ஆண்டுக்கொரு முறை பதிவுகளை அச்சிட்டுக் கட்டடம் செய்து நூலகத்திலேயே வைப்பது எளிய காப்பு.

இரண்டாவது மறுப்பு, அரசே மாணவருக்கான ஊஞ்சல், தேன்சிட்டு, ஆசிரியருக்கான கனவு ஆசிரியர் ஆகிய இதழ்களை வெளியிடுகையில் பள்ளிக்கொரு வலைப்பதிவு எதற்கு என்பது. அவ்விதழ்கள் வரவேற்கத்தக்கவை. எனினும் மாநிலம் முழுமைக்குமான இதழுக்கு ஒரு குறிப்பிட்ட பள்ளியின் மூன்றாம் தட்டில் எந்த நூல் இருக்கிறது என்பதும், அதை எந்த மாணவி தேடுகிறாள் என்பதும் தெரியா. அந்த அறிவு உள்ளூர் நூலகருக்கு மட்டுமே உரியது.

முடிவுரை

திருச்சிராப்பள்ளியில் பெரும் நூலகம் ஒன்று அமையும் எனத் தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்தது. அதன் நாளைய வாசகர்கள் இன்று இப்பகுதிப் பள்ளிகளில் பயில்பவர்கள். அவர்களை அங்குக் கொண்டுசேர்ப்பவர் பள்ளி நூலகரே. பள்ளிக்கொருவர் இயலாதெனில் குறுவள மையத்திற்கு ஒருவரையேனும் அமர்த்தலாம். பாரதிதாசன் பல்கலைக்கழகம் உள்ளிட்டவை நூலகவியலில் பட்டதாரிகளை உருவாக்கிவரும் சூழலில் தகுதியானவருக்குப் பஞ்சமில்லை.

ஆய்வாளர்கள் பதிவுகளின் எண்ணிக்கையையும் பார்வையாளர் தொகையையும் கணக்கிடுவதோடு நிறைவடையலாகாது. எழுதியவர் யார், அவருக்கு எத்தனை பாடவேளை பிற பணி, அலமாரி எந்நேரம் திறந்திருந்தது, பதிவைப் படித்தபின் எந்த நூல் வெளியே சென்றது ஆகியவற்றையும் அவர்கள் கேட்க வேண்டும். இவ்வினாக்களுக்கான விடை வலைத்தளத்தில் கிடைக்காது. பள்ளியின் வழங்கல் பதிவேட்டிலும் ஆசிரியர் அறையிலும்தான் கிடைக்கும். அங்குச் சென்று செய்யப்பெறும் ஆய்வே இத்துறைக்கு இப்போது தேவை.