பந்து வந்தால் பறந்தவர்

டோனி ஓ'ரைலியின் ரக்பிக் கணக்கைப் புரட்டினால் முதலில் குழப்பம்தான் வரும். பிரிட்டன், அயர்லாந்து வீரர்கள் கூட்டாக ஆடும் லயன்ஸ் அணிக்காக இரண்டே சுற்றுப்பயணங்களில் 38 ட்ரை, அதாவது எதிரணிக் கோட்டுக்கு அப்பால் 38 முறை பந்தை வைத்திருக்கிறார். சொந்த நாடான அயர்லாந்துக்கு 29 சர்வதேசப் போட்டிகளில் ஆடியும் அந்த எண்ணிக்கை ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும்.

ஆள் ஒருவர்தான், பந்து வந்த விதம் வேறு. ஓ'ரைலி விங் ஆட்டக்காரர், கோட்டோரம் காத்திருப்பவர். நடுவில் ஆடுபவர்கள் எதிரணியை உள்ளே இழுத்துவிட்டுப் பந்தை உரிய நொடியில் வெளியே கொடுத்தால்தான் அவருக்கு ஓட இடம். 1955-இல் லயன்ஸின் தென்னாப்பிரிக்கப் பயணத்தில் நடுவில் ஆடிய கிளிஃப் மோர்கனும் ஜெஃப் பட்டர்ஃபீல்டும் அதைக் கச்சிதமாகச் செய்தார்கள். ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் முதல் டெஸ்ட். மாற்று ஆட்டக்காரரே கிடையாத காலம். ஒருவர் காயம்பட்டு வெளியேற, மிச்சம் 14 பேரோடு லயன்ஸ் 23-22 என்று வென்றது. ட்ரை அடித்தவர்களில் 19 வயது ஓ'ரைலியும் ஒருவர். அயர்லாந்து ஆட்டமோ பெரும்பாலும் முன்வரிசைக்காரர்களின் மல்லுக்கட்டு. உயரம், உடம்பு, வேகம் எல்லாம் இருந்து என்ன, பந்து வரவேண்டுமே!

அது அமெச்சூர் காலம், ஆடினால் சம்பளமில்லை; பிழைப்புக்கு வேலை பார்த்தாக வேண்டும். 1962-இல் ஐரிஷ் பால்பொருள் வாரியத்தின் பொது மேலாளராக இருந்தார். வயது இருபதுகளின் நடுவில். பிரிட்டனுக்கு மொத்தச் சரக்காகப் போய்ப் பெயரில்லாமல் விற்ற வெண்ணெய்க்குக் கெர்ரிகோல்ட் என்று பெயர் சூட்டிக் கடைத்தட்டில் ஏற்றினார். என்னைக் கேட்டால் அவருடைய ஆகச் சிறந்த ட்ரை அதுதான். பின்னால் பாடுபட்டவர்கள் மாடு வளர்த்தவர்கள். கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தவர் இவர்.

அயர்லாந்து அணியில் ஏழாண்டு இடைவெளிக்குப் பின், 1970-இல், ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்தை எதிர்த்து ஆடத் திடீர் அழைப்பு. அப்போது வயது 33, ஹைன்ஸ் உணவு நிறுவனத்தின் பிரிட்டன் கிளைத் தலைவர். பயிற்சிக்கு ஓட்டுநர் வைத்த சொகுசுக் காரில் வந்து இறங்கியதை அயர்லாந்து ரக்பிக்காரர்கள் பல காலம் சொல்லிச் சிரித்தார்கள். அயர்லாந்து 9-3 என்று தோற்றது. அதோடு சரி.

ஹைன்ஸில் 1979-இல் தலைமை நிர்வாகி. 1987-இல் ஹைன்ஸ் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த முதல் தலைவர். அங்கே பின்னால் ஒரு பெரிய அணியே நின்றது. சொந்த முதலீடுகளில் கதை வேறு. வாட்டர்ஃபோர்ட் வெட்ஜ்வுட் என்ற கண்ணாடி, பீங்கான் நிறுவனத்தில் தானும் மைத்துனருமாகப் பணத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தார். மைதானத்தில் இடமில்லை என்று தெரிந்தால் விங் ஆட்டக்காரர் பந்தைக் கோட்டுக்கு வெளியே உதைத்துவிடுவார். இவர் உதைக்கவில்லை. 2009-இல் நிறுவனம் சரிந்தது, 2015-இல் அவரே திவாலானார்.

2024 மே மாதம், 88 வயதில் காலமானார். அந்த 38 ட்ரை இன்னும் லயன்ஸ் சாதனைதான். முறியடிப்பதும் சுலபமில்லை: 1959 பயணத்தில் லயன்ஸ் 33 போட்டிகள் ஆடியது, அதில் அவர் அடித்தது 22 ட்ரை. இப்போதெல்லாம் பத்துப் போட்டிகளோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள்.