டிராலப்பின் கடிகாரம்

ஆந்தனி டிராலப்பின் சுயசரிதையை (1883) சொல்கிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள்: காலை 5.30 மணி, மேசைமேல் கடிகாரம், கால் மணி நேரத்துக்கு 250 சொல். மொத்தம் 47 நாவல், அதில் பல தபால் இலாகா வேலையோடு. நானும் இதை நம்பி அலாரம் வச்சேன். வரைவுகள் பெருகின, ஒண்ணுகூட முடியலை.

மறுபடி படிச்சப்பதான் தவறவிட்டது கண்ணில் பட்டது. தினம் முதல் அரை மணி, முந்தின நாள் எழுதினதை வாசிக்க. அதைவிட முக்கியம், நாவலை முழுசா முடிச்ச பிறகே அச்சுக்குக் கொடுக்கணும் என்ற கொள்கை. முடிவுக்கு ஏற்பத் தொடக்கத்தைத் திருத்தும் வசதி எழுதுகிறவன் கையில் இருக்கவேண்டும் என்கிறார். (1860இல் 'ஃப்ராம்லி பார்சனேஜ்' தொடருக்காக அவரே இதை மீறினார்.)

எனக்கு ஒட்டாதது, எழுதுகிறவனைச் செருப்புத் தைப்பவரோடு அவர் ஒப்பிடுவது. செருப்புக்கு அளவு முன்னாடியே தெரியும். ஆய்வுக் கட்டுரைக்கு? எழுதிப் பார்த்தால்தான். தவிர, அவரைக் காபியோடு எழுப்பிவிட வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளத்தில் ஓர் ஆள் இருந்தார். என் வீட்டில் அலாரத்தை அணைக்கத்தான் ஆள் உண்டு.

இப்போ முதல் அரை மணி பழைய வரைவுக்குத்தான். ஒண்ணு முடிஞ்சு, நண்பருக்கு அனுப்பியாச்சு.