'அரிய நோய்' என்றால் போதுமா?

ஆல்ஃபா-1 ஆன்ட்டிடிரிப்சின் குறைபாடு என்னும் பரம்பரை நோய் பற்றி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விளக்கப் பிரசுரங்கள் பல வெளிவருகின்றன. நோக்கம் நல்லதே. ஆனால், அவற்றுள் பல 'இது ஓர் அரிய நோய்' என்றே தொடங்குகின்றன. படிப்பவர் 'நமக்கு இராது' என்று மூடி வைத்துவிடுகிறார்.

1963-இல் சுவீடனின் மால்மோ நகரில் லாரெல், எரிக்சன் என்ற இருவர், இரத்தச் சீரத்தின் புரதங்களை மின்புலத்தில் பிரித்து ஆராய்ந்தனர். சில மாதிரிகளில் ஒரு பட்டையைக் காணோம்! அந்தப் புரதம் கல்லீரலில் உண்டாகிறது. இரத்தத்தோடு நுரையீரலை அடைந்து, வெள்ளணுக்களின் நொதி காற்று நுண்ணறைகளை அரித்துவிடாமல் காக்கிறது. பிறவிப் பிழையால் தவறாக மடிந்த புரதம் கல்லீரலிலேயே தேங்கினால் என்னவாகும்? காவலின்றி நுரையீரல் சிதையும்; தேக்கத்தால் கல்லீரலும் பழுதடையலாம்.

ஐரோப்பிய வழியினரில் சில ஆயிரம் பேருக்கு ஒருவரிடம் இதன் கடும் வகை உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் தம் நோயை அறியார். 'ஆஸ்துமா' என்றோ, 'புகைத்ததன் பலன்' என்றோ கூறி அனுப்பப்படுகின்றனர். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகள் அனைவருக்கும் ஒரு முறை இச்சோதனை தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 1997-இலேயே பரிந்துரைத்தது.

வாசகர்களே, பிரசுரத்தின் முதல் வரி எப்படி இருக்க வேண்டும்? 'இளவயதிலேயே மூச்சு வாங்குகிறதா? குடும்பத்தில் எவருக்கேனும் காரணம் புரியாத கல்லீரல் நோய் உண்டா? இரத்தத்தைச் சோதியுங்கள்.' முன்னரே அறிந்தவர் சிகரெட்டைத் தொடாமலிருந்து தம் நுரையீரலைப் பல ஆண்டுகள் காத்துக்கொள்ளலாம். பிரசுரம் சொல்ல வேண்டிய முதற்செய்தி இதுவே.